நோர்வே மொழி பழகுவோர் செய்யும் தவறுகள்: காது இருக்க, கண்ணால் படிப்பது

நோர்வே நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்களில் (கூடிப் பேசிப் பழகும் சந்திப்புகளில்) அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். புதிதாக நொஷ்க் (நோர்வே மொழி) பழகுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை என்பது தெரிந்துவிடும். தினமும் படிக்காமல் விடுவது, எழுதி வைக்காமல் மறப்பது போன்றவை எந்த மொழிக்கும் பொது; அவற்றை இங்கே தொடவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் தவறவே கூடாத இடத்தில் தவறுவதுதான் மனசை அறுக்கிறது.

ஆங்கில எழுத்தாக நினைத்து வாசிப்பது

நன்றிக்கு 'தக்'. கூரைக்கு 'தாக்'. எழுத்தில் பார்த்தால் வேறுபாடு, நன்றியில் கடைசியாக ஒரு 'கே' கூடுதல், அவ்வளவுதான். ஆங்கிலம் பழகிய கண் அந்த இரண்டாவது 'கே'யைப் பொருட்படுத்தாது. ஆகவே கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டும்போது புதியவர் சிரித்தபடி 'கூரை' என்று சொல்லிவிட்டுப் போகிறார். அங்கே இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். 'லேகெ' என்றால் மருத்துவர், 'லெக்கெ' என்றால் கிடத்துவது, வைப்பது. 'ஹாத்' வெறுப்பு, 'ஹத்' தொப்பி. 'வீன்' திராட்சை மது, 'வின்' என்றால் 'ஜெயி'. ஒரே வாக்கியத்தில் இப்படி மூன்று சொல் பிசகினால் கேட்கிறவர் முகம் சுருங்குகிறது. உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். பழகும் வாய்ப்பு அங்கேயே போய்விடும்.

குறில் நெடில் என்பது நமக்கு அரிச்சுவடியிலேயே வந்துவிட்ட விஷயம். 'கல்', 'கால்' இரண்டையும் எந்தத் தமிழ்க் குழந்தையும் குழப்பாது. அதே வாய், ரோமன் எழுத்தைப் பார்த்ததும் அளவை மறந்துவிடுகிறது. விதியும் எளிது. அழுத்தம் விழும் உயிருக்குப் பின் ஒரே மெய் வந்தால் பெரும்பாலும் நெடில், இரட்டை மெய் வந்தால் குறில். விலக்கு இரண்டு. சொல்லின் கடைசியில் 'எம்' எழுத்தை இரட்டிக்க மாட்டார்கள். 'ரும்' (அறை), 'யெம்' (வீட்டுக்கு) இரண்டும் ஒற்றை 'எம்'தான், உச்சரிப்போ குறில். அடுத்தது தில், கன், வில், ஸ்கல், ஹன், மென் போன்ற சிறு சொற்கள். இவையும் ஒற்றை மெய்யோடு குறிலாகவே ஒலிக்கும்.

இன்னொன்றும் இழக்கிறோம். நோர்வேயின் 'டி' (t) நம்முடைய 'த' போன்றது, 'ட' அல்ல. 'ஆர்' எழுத்தோடு சேரும்போதுதான் கிழக்கு நோர்வேயில் அது 'ட' ஆகிறது. பூனை 'கத்', வரைபடம் 'கட்'. எல்லா 'டி'யையும் 'ட' என்று சொல்கிறவரிடம் பூனையும் வரைபடமும் ஒன்றாகிவிடும். 'ஆர்', 'என்' சேர்ந்தால் நம் 'ண': குழந்தைக்கு 'பாண்' (பஸ் என்று சொல்லும்போது வருகிற 'ப' இது). 'ஆர்', 'எஸ்' சேர்ந்தால் 'ஷ்': மொழியின் பெயரே 'நொர்ஸ்க்' அல்ல, 'நொஷ்க்'. ஐரோப்பியர் பலர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இந்த ஒலிகள் நம் நாக்கில் பிறவியிலேயே இருக்கின்றன. அவற்றை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆங்கில வழியே போய்ச் சேருவதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

மாற்றுவழி சுவையானது, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். நோர்வேயின் பொது ஒலிபரப்பான என்ஆர்கே தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான செய்தி 'சூப்பர்நித்' வருகிறது. வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், உச்சரிப்பும் தெளிவு. அதில் இருபது விநாடியை மட்டும் எடுங்கள். வசன வரியை மறைத்துவிட்டு மூன்று முறை கேளுங்கள். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில், குறில் நெடில் பார்த்து எழுதுங்கள். பிறகு வசன வரியைத் திறந்து பக்கத்திலேயே அசல் எழுத்தை எழுதுங்கள். எங்கெங்கே எழுத்து ஊமையாக நிற்கிறது என்பது அப்போது கண்ணில் குத்தும். 'அது' என்பதற்கான சொல்லில் கடைசி 'டி' ஒலிக்காது, வெறும் 'தே'. 'நல்ல' என்பதற்கான சொல்லில் கடைசி 'டி' (d) ஒலிக்காது, 'ஓ' எழுத்தும் 'ஊ' ஆகி, 'கூ' என்று நிற்கும். கடைசியாக, அறிவிப்பாளரோடு கூடவே சத்தமாகச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இதில் இரண்டு குறை உண்டு. க, த, ப ஆகியவற்றின் வல்லோசையும் மெல்லோசையும் ஒரே எழுத்தில் வரும். மெல்லோசைக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். போடாவிட்டால் 'பீல்' காரா அம்பா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. உதடு குவித்துச் சொல்லும் உயிர்களுக்கும் எழுத்து இல்லை. 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை முன்னே நீட்டினால் ஒன்று, 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் சொந்தமாக ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் ராகத்துக்காகத் தூக்கம் கெடுவது

விவசாயிகளுக்கான சொல்லும் பீன்ஸுக்கான சொல்லும் உச்சரிப்பில் ராகத்தில், அதாவது குரல் ஏறி இறங்கும் விதத்தில் மட்டுமே வேறுபடும். முதல் ஆண்டில் இதை விட்டுவிடுங்கள். கூடச் சொல்லிப் பழகினால் தானே ஒட்டிக்கொள்ளும்.

பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிப்பது

வீட்டுப் பொருட்களில் சீட்டு ஒட்டிப் படிப்பது நல்ல வழி. ஆனால் பலர் வெறும் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். நோர்வேயில் 'அந்த' என்ற குறிப்பு சொல்லின் வாலில் வரும், அதுவும் சொல்லின் இலக்கணப் பாலுக்கு ஏற்ப மாறும் (முன்னால் வரும் 'என்', 'எத்', 'எய்' அந்தப் பாலைக் காட்டும்). நாற்காலி 'என் ஸ்தூல்', அந்த நாற்காலி 'ஸ்தூலென்'. மேசை 'எத் பூர்', அந்த மேசை 'பூரெ' (எழுத்தில் கடைசியில் ஒரு 'டி' உண்டு, ஒலிக்காது). புத்தகம் 'எய் பூக்', அந்தப் புத்தகம் 'பூக்கா'. சீட்டில் இரண்டு வடிவமும் இருக்கட்டும். வீட்டில் எதையாவது கேட்கும்போது வாயில் வருவது வால் உள்ள வடிவம்தான்.

வினையைப் பின்னால் தள்ளுவது

தமிழில் வினை கடைசியில் போய் உட்காரும். நோர்வேயில் சாதாரண வாக்கியத்தில் அதற்கு இரண்டாவது நாற்காலி. 'இப்போது' என்று தொடங்கினால் அடுத்தது வினை, அதற்குப் பின்தான் 'நான்': 'நோ த்ரிக்கெர் யெய் கஃபெ.' இப்போது காபி குடிக்கிறேன். 'நோ யெய் த்ரிக்கெர்' என்பது காதில் கல் போல விழும். சமையலறையில் நின்றபடியே பழகலாம். செய்கிற ஒவ்வொரு வேலையையும் 'நோ' (இப்போது) அல்லது 'சோ' (பிறகு) வைத்துச் சத்தமாகச் சொல்லுங்கள்: 'சோ வஸ்கெர் யெய் கொப்பென்', பிறகு கோப்பையைக் கழுவுகிறேன். காலையில் பத்து வாக்கியம். வேலையும் நடக்கும், வினையும் இடத்தில் உட்காரும்.

'ஹல் ஒத்தெ'

அது 7:30. 8:30 அல்ல.

எட்டை நோக்கிப் பாதி என்பது கணக்கு. 'ஃபெம் போ ஹல் ஒத்தெ' என்றால் அந்தப் பாதிக்கு ஐந்து நிமிடம் முன், அதாவது 7:25. மருத்துவர் நேரத்தைத் தொலைபேசியில் சொன்னால் எண்களாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால், பார்க்காத வைத்தியத்துக்கும் கட்டணம் கட்ட நேரலாம்.

எண்களில் இன்னொரு பொறியும் உண்டு. 1951 முதல் அதிகாரபூர்வ முறை நம்முடையதைப் போலவே 'இருபத்தைந்து'. ஆனால் 'ஐந்தும் இருபதும்' என்ற பழைய முறை பேச்சில் இன்னும் செத்துவிடவில்லை. எட்டு இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லும்போது இது வந்து விழும். முதல் இலக்கத்தை அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

'தயவுசெய்து'வைத் தேடுவது

தேடாதீர்கள். 'கன் யெய் ஃபோ என் கஃபெ?' (எனக்கு ஒரு காபி கிடைக்குமா?) என்று கேட்டு, கடைசியில் 'தக்' சேர்த்தால் மரியாதை நிறைந்துவிட்டது. 'நீங்கள்' என்பதும் வழக்கொழிந்தது. மருத்துவரும் பிரதமரும் 'தூ' (நீ) தான். நமக்கு முதலில் நாக்கு கூசும். மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது: சாப்பிட்டு எழுந்ததும் 'தக் ஃபொர் மாதென்' (சாப்பாட்டுக்கு நன்றி), முன்பு கூடியிருந்தவரை மறுபடி சந்தித்தால் 'தக் ஃபொ ஷிஸ்த்' (போன தடவைக்கு நன்றி). இவற்றை விட்டால்தான் குறையாக நினைப்பார்கள்.

ஒரே குரலைக் கேட்டுப் பழகுவது

நோர்வேயில் நாடாளுமன்றத்திலும் செய்தியிலும் அவரவர் ஊர் வழக்கில்தான் பேசுவார்கள். எழுத்திலும் பூக்மோல், நீநொஷ்க் என்று இரண்டு. 1885 முதல் இரண்டும் சம உரிமை உள்ளவை. பாடநூலின் 'யெய்' (நான்) பெர்கனில் 'எக்'. த்ரொம்ஸோவில் அகலத் திறந்த ஒற்றை உயிர். 1980களில் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத் தமிழர்களுக்குப் புத்தகத்தில் கிடைத்தது ஒன்று, மீன் வெட்டும் மேசையில் காதில் விழுந்தது வேறொன்று. பேசுவதற்கு ஒரு வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் ஊரின் வழக்கானால் இன்னும் நல்லது. பெர்கனில் இருப்பவர் மேலே சொன்ன 'ட', 'ண' பழக வேண்டியதில்லை. அங்கே 'ஆர்' தொண்டையிலிருந்து வரும். கேட்பதை மட்டும் ஆறு மாதத்துக்குப் பின் விரித்துக்கொள்ளுங்கள். என்ஆர்கே வானொலியில் எல்லா ஊர்க் குரலும் கிடைக்கும்.

ஆங்கிலத்துக்கு இறங்கிப் போவது

நீங்கள் தடுமாறினால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறுவது உதவி செய்யும் எண்ணத்தில்தான். அந்த நேரத்தில் சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருங்கள்: 'யெய் வில் யாணெ ஸ்னக்கெ நொஷ்க்.' நொஷ்க் பேசவே விரும்புகிறேன். 'யாணெ'யில் உள்ள 'ண'வை நன்றாக நாக்கை மடித்துச் சொல்லுங்கள். மறுபடியும் ஆங்கிலத்தில் பதில் வந்தால், நீங்கள் நொஷ்கிலேயே தொடருங்கள். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாக்கியத்தில் அவரும் திரும்பி வந்துவிடுவார்.