‘நல்லா இருக்கு’ன்னு சொன்ன பிறகு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போதே கீழக்குயில்குடிக்குப் போய்விடுவோம். சமணர் மலையடிவாரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். மதுரையில் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் எப்படியும் ஒரு தடவை போய்விடுகிற இடம். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் எடுத்ததை மாற்றி மாற்றிப் பார்ப்போம். பல வருஷமாக அங்கே எங்கள் வாயில் வந்தது மூன்றே சொல்தான்: சூப்பர், செம, நல்லா இருக்கு. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதைக் கேட்டு யாருடைய படமும் தேறவில்லை. இப்போது பேசுகிற விதத்தை மாற்றிக்கொண்டோம்.

படம் கைக்கு வந்ததும் உடனே எதுவும் சொல்லாதீர்கள். பத்து விநாடி பாருங்கள். கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே நகர்ந்தது, எங்கே நின்றது என்று கவனித்து, அதை அப்படியே சொல்லுங்கள். எடுத்தவருக்கு அந்தக் காலைக்காற்று, பூ வாசம், பேச்சு எல்லாம் நினைவில் இருக்கும். அதெல்லாம் படத்துக்குள் வந்திருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது. அங்கே இல்லாத ஒருவருக்குத்தான் அது தெரியும்.

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன், பூக்கட்டும் பாட்டியைப் படம் எடுத்து வந்தான். “எப்படிண்ணே இருக்கு?” என்றான்.

“என் கண்ணு முதல்ல அந்த நீலக் குடத்துக்குப் போச்சுப்பா. அப்புறம்தான் பாட்டி விரலுக்கு வந்துச்சு. வந்ததும் அங்கேயே நின்னுருச்சு. நாரை இழுத்துப் பிடிச்சிருக்கிற அந்த ரெண்டு விரல், அவ்வளவு நல்லா வந்திருக்கு.”

படத்தில் இடப்பக்கம், பாட்டியின் தோளுக்குப் பின்னால், வெயில் பட்டுப் பளீரென்று ஒரு பிளாஸ்டிக் குடம். அது அங்கே இருந்ததையே அவன் பார்க்கவில்லை. “நானும் விரலைத்தாண்ணே எடுக்க நெனச்சேன்” என்றான். அதன்பிறகு வழி சொல்வது சுலபம். கேமராவை வலப்பக்கம் இரண்டடி நகர்த்தியிருந்தால் குடம் பாட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும். உட்கார்ந்து எடுத்திருந்தால் விரல்கள் இன்னும் கிட்டே வந்திருக்கும். “பின்னணி சரியில்லை” என்று மட்டும் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்?

அடுத்த வாரம் அதே இடத்தில் நின்று செய்து பார்க்க முடிகிற ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு படத்துக்கு ஒன்று போதும். “நல்ல லென்ஸ் வாங்கு” என்பதும், “நானா இருந்தா இதை எடுத்தே இருக்க மாட்டேன்” என்பதும் கருத்து இல்லை. கேட்காமல் அடுத்தவர் படத்தை உங்கள் போனில் எடிட் செய்து காட்டவும் வேண்டாம்.

குறையைச் சரியான பெயர் சொல்லிச் சொல்வது முக்கியம். மங்கலாக இருந்தாலே “ஷேக் ஆயிருச்சு” என்று சொல்லிவிடுகிறோம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் கை அசைந்திருக்கிறது. 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/200 விநாடி அல்லது அதைவிட வேகமாக இருப்பது நல்லது, படம் பதிகிற சென்சார் சின்னதாக இருக்கிற APS-C கேமரா என்றால் 1/300. சுவர் கூர்மையாக இருந்து ஓடுகிற பையன் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது அவன். அவனை நிறுத்திப் பிடிக்க 1/500 அல்லது அதற்கும் மேலே போக வேண்டும். முகம் மங்கி, பின்னாலிருக்கிற தூண் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அதற்கு முன்னால், படம் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதைப் பார்த்துக் கூர்மையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், ஷட்டர் வேகம் போன்ற விவரங்களும் கூடவே வரும். எனக்கு அச்சகத்தில் வேலை என்பதால் 4×6 பிரிண்ட் எடுத்துப் பார்ப்பதுதான் பிடிக்கும். வெயிலில் போன் திரை ஏமாற்றிவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் மிஞ்சிய துண்டுகளை ‘ட’ மாதிரி இரண்டாக வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன். பிரிண்ட் மேல் வைத்து நகர்த்தினால், எங்கே கிராப் செய்தால் (ஓரத்தை வெட்டினால்) எப்படி இருக்கும் என்று பேசாமலே காட்டிவிடலாம்.

இனி, கேட்டுக்கொள்கிற பக்கம். இதுதான் கஷ்டம்.

இருபது படத்தை நீட்டாதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். கூடவே “மழையில நனைஞ்சுக்கிட்டு எடுத்தேன்” என்று கதை சொல்ல வேண்டாம். சொன்னால் எதிரிலிருப்பவர் படத்தை விட்டுவிட்டு உங்கள் மழையைப் பார்ப்பார். “எப்படி இருக்கு” என்பதைவிட “கண்ணு எங்கே போகுது” என்று கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

சொல்கிற வழியும் காட்டுகிற இடமும் ஒன்றல்ல. தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றி வருவதை இரவில் எடுத்திருந்தேன். இடப்பக்கம் வெட்டு என்றார் ஒருவர், கறுப்பு வெள்ளையாக்கு என்றார் இன்னொருவர், வானம் ஜாஸ்தி என்றார் மூன்றாமவர். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை, கோபம்கூட வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: மூவரும் விரல் வைத்தது இடப்பக்க மேல்மூலையில். அங்கே ஒரு விளக்கு வெளுத்துப்போய், எந்த விவரமும் இல்லாமல் வெறும் வெள்ளையாக நின்றது. அடுத்த வருஷம் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுத்தேன். இடப்பக்கம், வானம், வண்ணம் எதையும் தொடவில்லை. விளக்கு அடங்கியது, தெப்பம் முன்னால் வந்தது.

எல்லாப் படத்தையும் கருத்துச் சொல்வதற்காகக் காட்டுவதில்லை. எங்கள் குழுவில் ஓர் அக்கா, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தன் அப்பாவின் படத்தை நீட்டினார். கட்டில் கால் வெட்டுப்பட்டிருக்கிறது என்று நான் வாயெடுத்தபோது, அப்பா இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அன்றிலிருந்து “சும்மா பார்க்கவா, சொல்லவும் செய்யவா?” என்று கேட்ட பிறகே வாயைத் திறக்கிறேன்.

ஆறேழு மாதம் கழித்து அக்கா அதே படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். “இப்ப சொல்லு தம்பி, பெருசாப் போட்டு வீட்டுல மாட்டணும்” என்றார். அட்டைத் துண்டுகளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். கீழிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்து, அப்பாவின் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார்.