கிரெடிட் கார்டு பாக்கியை எழுத்தில் பேசித் தீர்க்கும் வழி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். 2020-ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கென்று அட்டையும் மையும் கிரெடிட் கார்டில் வாங்கி அடுக்கியிருந்த வேளையில் ஊரடங்கு வந்தது. முன்பணம் கொடுத்தவர்கள்கூடத் திருப்பிக் கேட்டார்கள். அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தபோது, வட்டியும் நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். தவணைதான் தள்ளிப்போனதே தவிர வட்டி நிற்கவில்லை. அதன்பின் இரண்டு ஆண்டுகள் ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் தவறாமல் கட்டி, கடனைச் சரியாகத்தான் அடைத்துவருகிறோம் என்று நம்பியிருந்தேன். அதே குழியில் இப்போது நிற்பவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வங்கியை அழைப்பதற்கு முன்பே, கடைசி ஆறு மாத ஸ்டேட்மெண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள். பிசகாக அச்சான ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில்தான் நான் எழுதினேன். பாக்கி 80,000 ரூபாய், மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கணக்கில் இது மூணரை வட்டி; இதே வட்டிக்கு டவுணில் ஒருவர் கைமாற்றுக் கொடுத்தால் அவரை என்ன பெயரிட்டு அழைப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாத வட்டி 2,800 ரூபாய், அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 504 ரூபாய், ஆக 3,304 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம், அதாவது 4,000 ரூபாய் கட்டினால், அசலில் கழிவது 696 ரூபாய் மட்டுமே. புதிதாக எதுவும் வாங்காமல் மாதந்தோறும் அதே 4,000 ரூபாயைக் கட்டிவந்தாலும் கடன் தீர 44 மாதம் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 1,73,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும்.

பழைய பாக்கி நிற்கும்போது அதே கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால், வழக்கமான வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே கணக்குப் போட்ட அன்றே கார்டைப் பீரோவில் பூட்டிவிடுங்கள். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

வீட்டில் நகை இருந்து, மாத வருமானமும் ஓரளவு உறுதியாக இருந்தால், அடகு வைத்துக் கார்டு பாக்கியை ஒரேயடியாக அடைப்பதே மலிவான வழி என்பது என் கருத்து. ஒரு ரூபாய் வட்டிக்கு, அதாவது மாதம் ஒரு சதவீதத்துக்கு, வைத்த 80,000 ரூபாய் நகைக்கடன், அதே மாதம் 4,000 ரூபாயில் 23 மாதத்தில் தீரும். மொத்தச் செலவு 90,000-ஐத் தாண்டாது. ஆனால் நகைக்கடனுக்குத் தவணைக்காலம் உண்டு, தவறினால் ஏலம் உண்டு என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசியபின் செய்யுங்கள். வருமானம் கார், பிசானப் பருவ அறுவடைகளை நம்பியிருப்பவர்கள் நெல்லுக்குப் பணம் கைக்கு வரும் மாதத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். செய்யவே கூடாதது ஒன்று உண்டு: கார்டு பாக்கியை அடைக்கப் பத்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் போவது. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் நடப்பில் இருந்தும், 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டி நெருக்கடியால் ஒரு குடும்பம் குழந்தைகளோடு உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. கடன் நெருக்கத்தில் மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால், கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் 14416 அல்லது 104 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணை அழைத்துப் பேசுங்கள்.

நகை இல்லாதவர்கள் வங்கியிடம்தான் கேட்க வேண்டும். பாக்கியைத் தவணைக் கடனாக, அதாவது இ.எம்.ஐ.யாக, குறைந்த வட்டியில் மாற்றித் தரும்படி கேட்பதே நியாயமான முதல் கோரிக்கை. இங்கேதான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறோம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், கடைசியில் ‘உங்கள் கார்டுக்கு அந்த வசதி இல்லை’ என்ற பதிலே வரும். நான் பதினோரு முறை அழைத்தேன். பதினோரு அழைப்பிலும் கிடைக்காத பதில், நாலு பத்தியில் எழுதிய ஒரு மின்னஞ்சலுக்குக் கிடைத்தது. தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகிறது, எழுதியதற்குப் புகார் எண்ணும் தேதியும் விழுகின்றன, அந்தத் தேதியிலிருந்து வங்கிக்குக் கெடு ஓடத் தொடங்குகிறது.

கடிதத்தில் புலம்பல் வேண்டாம். கார்டின் கடைசி நான்கு எண்கள், இன்றைய பாக்கி, வருமானம் குறைந்த காரணம் ஒரே வரியில், மாதம் உங்களால் கட்ட முடிந்த தொகை, எத்தனை மாதம், எந்தத் தேதிக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும் என்பவை போதும். கட்ட முடிந்த தொகையை எழுதும்போது வீராப்பாகக் கூட்டி எழுதாதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் போக நிற்பதே உங்கள் தொகை. வங்கி தவணைத் திட்டத்தைத் தர முன்வந்தால், மாதத் தொகையோடு நிற்காமல், செயலாக்கக் கட்டணம், வட்டியின்மேல் வரும் ஜி.எஸ்.டி., முன்கூட்டி முடித்தால் பிடிக்கும் கட்டணம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

ஸ்டேட்மெண்டைப் பிரித்து எழுதும்போதே தவறான பிடித்தங்களும் கண்ணில் படும். என் கணக்கில் மாதாமாதம் நான் கேட்காத ஒரு காப்பீட்டுப் பிரீமியம் போய்க்கொண்டிருந்தது; இரண்டு ஆண்டாக அதை நானே பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு வழிகாட்டுதல்களின்படி, வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் காப்பீட்டைச் சேர்க்கக் கூடாது. கெடுத் தேதி கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் போட வேண்டும். அதுவும் கட்டாமல் நிற்கும் தொகையைப் பொறுத்தே தவிர, மொத்தப் பில்லைப் பொறுத்து அன்று. கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றின்மீது வட்டி போடவும் கூடாது. பில்லில் தவறு என்று புகார் செய்தால் 30 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். இவற்றுள் எது மீறப்பட்டிருக்கிறதோ அதைத் தேதியோடும் தொகையோடும் தனிப் புகாராக எழுதுங்கள், தவணைக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். இரண்டையும் கலந்தால், சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள்.

சேவைப் பிரிவு அசையாவிட்டால், வங்கியின் இணையதளத்தில் பெயர் வெளியிடப்பட்டிருக்கும், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும், அதற்கும் மேல் முதன்மை நோடல் அதிகாரிக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். முதல் புகார் கொடுத்து 30 நாட்கள் பதிலின்றிப் போனாலோ, வந்த பதில் ஒப்புக்கொள்ள முடியாததாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) தாமதிக்காமல் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் எந்த ஊர்க்காரரும் இணையவழியிலோ தபாலிலோ புகார் அனுப்பலாம், கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. சொல்லப்போனால் வழக்கறிஞர் வழியாக அனுப்பிய புகாரை ஏற்கவே மாட்டார்கள். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: ‘வட்டி அதிகம், குறைக்கச் சொல்லுங்கள்’ என்று அங்கே கேட்டால் பலிக்காது, ஏனெனில் வட்டியும் தள்ளுபடியும் வங்கியின் வணிக முடிவுகள். கார்டு வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துசெய்துவிட்டது. தவறான பிடித்தம், பதில் தராமை, வசூல் அத்துமீறல் ஆகியவையே அங்கே எடுபடும். என் விஷயத்தில், காப்பீட்டுப் பிடித்தம் பற்றிய புகார் குறைதீர்ப்பாளரிடம் பதிவான பிறகுதான், அதுவரை ‘வசதி இல்லை’ என்றிருந்த தவணைத் திட்டமும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே வங்கியின் கடிதம் சொன்னது.

வசூல் முகவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடியும் அழுத்தமாக அறிவித்திருக்கிறது. மிரட்டுவதும், தெருவில் நின்று சத்தம்போட்டு மானத்தை வாங்குவதும், மைத்துனருக்கும் முதலாளிக்கும் போன் போட்டுச் சொல்வதும் விதிமீறல்களே. நேரில் வருபவரிடம் அடையாள அட்டையையும் வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் கட்டிங் மெஷினில் நின்றுகொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் கடைக்கு வந்து, மிகவும் மரியாதையாகவே, “அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு பத்தாயிரம் மட்டும் என் நம்பருக்கு அனுப்பிருங்க, மீதிய நான் பேசி முடிச்சுத் தாரேன்” என்றார். “தம்பி, நீங்க சொன்னத அப்படியே பேங்க் லெட்டர்ல வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே கட்டிருதேன்” என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார், கடிதம் வரவில்லை. முகவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பும் பணம் கார்டுக் கணக்கில் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

வெட்டுத் துண்டுக் காகிதங்களைத் தைத்து நான் ஒரு நோட்டுப் போட்டு, அழைப்பு வந்த நாள், மணி, எண், பெயர், சொன்ன வார்த்தை என்று எழுதிவந்தேன். புகாரில் அந்த நோட்டின் நகல்தான் பேசியது. மிரட்டல் எல்லை மீறினால் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்குங்கள். கார்டு பாக்கி வைப்பது மட்டுமே குற்றமாகாது, அது உரிமையியல் விவகாரம். வாட்ஸ்அப்பில் வரும் ‘கைது வாரண்ட்’ படங்களைக் கண்டு நடுங்க வேண்டாம். ஆனால் நீங்கள் கொடுத்த காசோலை திரும்பினாலோ, கணக்கில் பணமின்றித் தானியங்கிப் பிடித்தம் திரும்பினாலோ குற்றவழக்கு வரக்கூடும் என்பதால், பணம் இல்லாத கணக்குக்குக் காசோலை கொடுக்காதீர்கள். உண்மையான வழக்கறிஞர் நோட்டீஸோ நீதிமன்றச் சம்மனோ வந்தால் மடித்து வைத்துவிடாமல் பதில் அனுப்புங்கள். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ளோருக்கு இலவச உதவி உண்டு, எண் 15100. அங்கே நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கி அதிகாரி நேரில் வந்து உட்காருவதால், தொலைபேசியில் கிடைக்காத தொகைக் குறைப்பு சில நேரம் மேசையில் கிடைக்கும். அங்கு கையெழுத்தானது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை என்பதால், கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிட வேண்டாம்.

ஒரே தொகையில் முடித்துக்கொள்ளும் ‘செட்டில்மெண்ட்’ கடைசி வழியாகவே இருக்கட்டும். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளி முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது அந்தச் சொல் குறுக்கே நிற்கும். வேறு வழியில்லை என்றால், பணம் கட்டும் முன்பே, வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ கடிதத்தாளிலோ, தொகை, கடைசித் தேதி, இதோடு முழுப் பாக்கியும் தீர்ந்தது என்ற வாசகம் ஆகிய மூன்றும் இருக்கும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பணத்தைக் கார்டுக் கணக்கிலேயே கட்டுங்கள்.

பாக்கி எந்த வழியில் தீர்ந்தாலும் ‘நோ டியூ’ (பாக்கி இல்லை) சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கூடவே கார்டை மூடும்படி எழுதிக்கொடுங்கள். பாக்கியில்லாத கார்டை ஏழு வேலைநாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்து சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். அதில் கணக்கு இன்னும் நிலுவை என்றே காட்டினால் சான்றிதழின் நகலோடு புகார் கொடுங்கள். 30 நாட்களில் திருத்தாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.