அமெரிக்க சீரியல்ல கறுப்பினப் பொண்ணுங்களுக்கு நெஜமாவே இடம் இருக்கான்னு பாக்குறது எப்படி?

போஸ்டர்ல யார் நிக்கிறாங்கன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, அது மார்க்கெட்டிங் ஆளுங்க வேலை. கிரெடிட்ஸ் ஓடும்போது ஸ்கிப் பட்டனை அமுக்காம, கிரியேட்டர் யாரு, எழுதுனது யாரு, டைரக்ட் பண்ணது யாருன்னு நாலஞ்சு எபிசோடுக்கு குறிச்சு வைங்க, ஏன்னா கதைய முடிவு பண்றது ரைட்டர்ஸ் ரூம்தான் (சேந்து உக்காந்து கதை எழுதுற டீம்), நடிக்கிறவங்க இல்ல. காமெடி சீரியல் எழுத்துக்கு எம்மி (அமெரிக்க டிவியோட பெரிய விருது) வாங்குன முதல் கறுப்பினப் பெண் லீனா வெய்த், அதுவே 2017லதான்! டிராமா சீரியல் லீட் நடிகைக்கான எம்மிய முதல் கறுப்பினப் பெண்ணா வயோலா டேவிஸ் 2015ல வாங்குனாங்க, மேடையிலயே வாய்ப்பு இல்லாததப் பத்திதான் பேசுனாங்க. அப்புறம் கேரக்டரப் பாருங்க: ஹீரோயினுக்கு அட்வைஸ் சொல்ற ஃப்ரெண்டா மட்டும் வந்துட்டுப் போறாங்களா, இல்ல அவங்களுக்குன்னு வீடு, வேலை, கோவம் இருக்கா? ஒருத்தர மட்டும் சேத்து கணக்கு முடிச்சிருந்தா என்கிட்ட அந்த சீரியல் ஃபெயில்தான். செகண்ட் சீசன்லயும் அவங்க இருக்காங்களான்னு ஒருதடவ செக் பண்ணிடுங்க.