பள்ளிக்குக் கதை சொல்லச் செல்லும் எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறார் எழுத்தாளர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தால், பொன்னாடை போர்த்தி, மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் உட்காரவைத்து, அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவதே பெரும்பாலும் நடைமுறை. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் முதல் தவறு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் ஒரே கதை பொருந்தாது. ஒலிபெருக்கியில் வரும் கதையை எந்தக் குழந்தையும் குறுக்கிட்டுக் கேள்வி கேட்காது. ஓரிரு வகுப்புகளை மட்டும் ஓர் அறையில் சந்திப்பதாகத் தலைமையாசிரியரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவரின் பேச்சு பெரும் சர்ச்சையானதை நினைவில் வைத்து, உரிய அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பகுதிக்கே உரிய தவறு மொழி சார்ந்தது. தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாகப் படிக்கிறார்கள் என்றாலும், சிலேடையையும் எதுகையையும் நம்பி நிற்கும் கதை அவர்களிடம் எடுபடாமல் போகக்கூடும். சிரிப்பு எழவில்லை என்பதற்காகப் பிள்ளைகளை மந்தம் என்று முடிவுகட்டுவது அநியாயம். நிகழ்ச்சிகளால் நகரும் கதையைத் தேர்ந்தெடுத்து, நடுவில் நிறுத்தி, அடுத்து நடப்பதை அவர்கள் தங்கள் வீட்டு மொழியிலேயே சொல்ல இடம் கொடுத்தால், அதுவரை வாய் திறக்காத பிள்ளையும் பேசத் தொடங்கும்.

அதேபோல, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் குறும்புக்கார யானைக்குட்டியின் கதையைக் கொண்டுபோகிறவர், ராகிக் கொல்லையில் இறங்கும் யானையை அவர்கள் அறிவார்கள் என்பதை மறந்துவிடுகிறார். “எங்க ஊரு யானை அப்படிச் செய்யாது” என்று ஒரு பிள்ளை மறுத்தால், அதைச் சமாளித்துக் கதையை நகர்த்த முயலக் கூடாது; கதையை அங்கேயே விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் யானையைக் கேட்க வேண்டும். எழுத்தாளருக்கு அடுத்த புத்தகம் அகப்படும் இடமும் அதுவாக இருக்கலாம்.

கதை முடிந்த கையோடு “இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?” என்று கேட்பதைப் பலரால் விடவே முடிவதில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியின் விடை கதைக்கு முன்பே தெரியும்: பொய் சொல்லக் கூடாது, ஒற்றுமையாக இருக்க வேண்டும். கேட்ட கதை அந்த நொடியே தேர்வுத்தாளாகிவிடுகிறது.

புத்தக விற்பனையை நம்பிப் பள்ளிகளுக்குச் செல்வதும் கணக்கில் பிசகுவதே. உரிமைத்தொகை 10 விழுக்காடு என்று கொண்டால், 60 ரூபாய்ப் புத்தகம் நூறு பிரதி விற்றாலும் எழுத்தாளருக்குச் சேருவது 600 ரூபாய். காசு கொண்டுவராத பிள்ளைகளின் முகவாட்டத்துக்கு அது ஈடாகாது. பள்ளி நூலகத்துக்குச் சில பிரதிகளை வாங்கிக்கொள்ளுமாறு கேட்பது இதைவிட முறையானது.

சித்தேரி போன்ற மலைப் பள்ளிகளுக்குச் செல்வோர் பேருந்து நேரத்தை விசாரிக்காமல் பிற்பகல் நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பயணச் செலவை யார் ஏற்பது என்பதைக் கூச்சப்படாமல் அழைப்பின்போதே பேசி முடித்துவிட வேண்டும்.