இறக்கை முறுக்காமல் ஒரு பழைய பால்சா விமானம் கட்டுவது எப்படி?

கீல்கிராஃப்ட் என்று பெயர் அச்சடித்த ஒரு நீளமான அட்டைப்பெட்டி போன குளிர்காலத்தில் என் கைக்கு வந்தது. உள்ளே இருந்தது ‘அகிலிஸ்’. இறக்கை நுனிக்கு நுனி 24 அங்குலம், முறுக்கிய ரப்பர் மூக்கிலுள்ள சுழலியைச் சுற்ற, அதனால் பறப்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் வளர்ந்த பையன்களில் எத்தனையோ பேர் விமானம் கட்டப் பழகியது எட்டி கீல் நடத்திய இந்தக் கம்பெனியின் பெட்டிகளில்தான். இங்கே நான் இருக்கும் ஊரின் மாதிரி விமானக் கழகத்தில் வியாழக்கிழமை மாலைகளில் மேசை போட்டு உட்காரும் பெரியவர்கள் பலர் அந்தப் பையன்கள். பெட்டியைக் கொண்டுபோய்த் திறந்தேன். மூன்று பேர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து வரைபடத்தின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் சொல்லிக் கொடுத்தும் என் முதல் இறக்கை அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டது. இரண்டாவது நேராக வந்தது. இரண்டுக்கும் நடுவே கற்றதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். கத்தி பிடிப்பது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன்

முதல் வேலை, வரைபடத்தை நகலெடுப்பது. பழைய தாள் மடிப்பில் கிழியும். அதன் மேல் குண்டூசி குத்திப் பாழாக்காதீர்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான விலாக்கள் பலகையிலேயே அச்சிடப்பட்டிருந்தால் அந்தப் பலகையையும் நகலெடுங்கள். ஒரு விலா உடைந்தால் வேறு பலகையில் வெட்டிக்கொள்ள அந்த நகல்தான் துணை.

நகல் வந்ததும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். நான் முதலில் எடுத்த நகலில் அகலம் சரியாக இருந்தது, நீளம் 12 அங்குலத்துக்கு 2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. தாளை உருளை இழுக்கும்போது வருகிற பிழை இது. ஒரே பக்கமாக இழுபட்ட வரைபடத்தில் அச்சுப் பலகையிலிருந்து வெட்டிய துண்டுகள் பொருந்தவே பொருந்தாது.

அடுத்து மரம். பால்சா தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் தானாக வளரும் மரம். உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி எக்வடாரிலிருந்து வருகிறது. கன மீட்டருக்கு 100 கிலோவும் உண்டு, 200 கிலோவும் உண்டு. ஒரே பெட்டிக்குள் இருக்கும் குச்சிகளே ஒன்று பஞ்சு மாதிரியும் ஒன்று பிரம்பு மாதிரியும் இருக்கும். பல ஆண்டுகள் காய்ந்துபோன குச்சி என்றால் லேசாக வளைத்தாலே படக்கென்று ஒடிவதும் உண்டு. அது வயதினால் வருவது. ஒடிகிற குச்சிக்குப் பதில் புதுக் குச்சி வாங்கிப் போடுங்கள். ‘பழைய பெட்டி, எல்லாம் அசலாகவே இருக்கட்டும்’ என்று நினைத்தால் அது அலமாரியில்தான் நிற்கும்.

கழகத்தில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காட்டிய சோதனை இது. விமான உடலின் நீளவாட்டுக் குச்சிகளை மேசை விளிம்பில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஸ்கேலால் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே அளவு களிமண் உருண்டையை ஒட்டுங்கள். எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். ஒரே அளவு தொங்கும் இரண்டு குச்சிகள் ஒரு ஜோடி. மேலே இடது, மேலே வலது ஒரு ஜோடி. கீழே இடது, கீழே வலது இன்னொரு ஜோடி. ஜோடி சேராத குச்சிகளை எதிரெதிரே போட்டால், மெலிந்த பக்கத்தை வலுத்த பக்கம் இழுத்து, உடல் வாழைப்பழமாக வளைந்துவிடும். பத்து நிமிட வேலைதான். நான் இதைத் தவிர்ப்பதே இல்லை.

கருவிகள், என் விருப்பப்படி

கத்திக்கு ஷெஃபீல்டின் ஸ்வான் மார்ட்டன் கம்பெனியின் அறுவை சிகிச்சைக் கத்தி, 3ஆம் எண் கைப்பிடி, 10ஏ பிளேடு. கைவினைக் கடையில் கிடைக்கும் தடித்த கத்திகள் பால்சாவை வெட்டுவதில்லை, நசுக்குகின்றன. பிளேடு மழுங்குவதற்குள்ளேயே மாற்றிவிடுங்கள்.

பசைக்கு மஞ்சள் நிற மரப்பசை. பழைய ஆட்கள் பால்சா சிமெண்ட்டை விட மாட்டார்கள். அந்த வாசனை அவர்களுக்குச் சிறுவயது. ஆனால் அது காயும்போது சுருங்கி விலாக்களை இழுக்கிறது. உடனே ஒட்டும் சூப்பர் பசையும் சட்டகத்துக்கு எனக்குப் பிடிக்காது. தப்பாக வைத்துவிட்டால் திருத்த நேரம் கிடைக்காது. காய்ந்தபின் மரத்தைவிடக் கடினமாகிவிடுவதால் உப்புத்தாள் போடும்போது பசை மேடாக நிற்கும், பக்கத்து மரம் பள்ளமாகும்.

கட்டும் பலகைக்கு அறிவிப்புப் பலகைகளில் வரும் மென்பலகை போதும். அது நேராக இருக்கிறதா என்று ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பாருங்கள். பலகை வளைந்திருந்தால் அதன்மேல் கட்டும் இறக்கையும் வளையும்.

சட்டகம்

வரைபட நகலைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் கேக் சுடும்போது அடியில் போடும், பசை ஒட்டாத தாளை விரியுங்கள். குச்சியின் நடுவே குண்டூசி குத்தக்கூடாது. இரண்டு பக்கமும் சாய்த்துக் குத்தி நடுவில் பிடித்து வையுங்கள். உடலின் இரண்டு பக்கங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் கட்டுங்கள். செங்குத்துத் துண்டுகளை இரண்டிரண்டாக வெட்டினால் அளவு மாறாது. பசை காய்ந்ததும் சவர பிளேடை இடையில் விட்டுப் பிரிக்கலாம். பிறகு அகலமான இடத்தில் குறுக்குத் துண்டுகளைப் போட்டு, தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டத்தால் நேர் பார்த்து, முழுதாகக் காய்ந்தபிறகே இரண்டு பக்கங்களின் வால் முனைகளையும் ஒன்றாகச் சேருங்கள்.

இறக்கை விலாக்களை எல்லாம் அடுக்கி, இரண்டு குண்டூசிகளில் கோத்து, ஒரே கட்டாகத் தேயுங்கள். நடுவில் இரண்டு பாதிகளையும் இணைக்கும்போது நுனிகள் மேல்நோக்கி எவ்வளவு உயர வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கும். அந்த உயரத்துக்கு ஒரு கட்டையை நுனியின் கீழ் வையுங்கள். இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அந்த மேடு தாள் ஒட்டியபின் நிச்சயம் கண்ணுக்கும் தெரியும்.

தாள் ஒட்டுவது: நான் சறுக்கிய இடம்

பட்டத்துக்கு ஒட்டுகிற மாதிரி மெல்லிய டிஷ்யூ தாளால் சட்டகத்தை மூட வேண்டும். பெட்டியில் இருந்த தாள் மஞ்சளாகி மடிப்பில் உதிர்ந்தது, புதிதாக வாங்கினேன். எந்தத் தாளிலும் நார் ஒரு திசையில் ஓடும். ஓரத்தில் சின்னதாகக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிந்தால் நார் அந்தத் திசையில் ஓடுகிறது. கோணலாகக் கிழிந்தால் குறுக்கே ஓடுகிறது. நார் இறக்கையின் நீளவாக்கில் போக வேண்டும்.

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சட்டகத்தின் ஓரங்களில் மட்டும் தடவி, முதலில் இரண்டு முனைகளிலும் ஒட்டி நீளவாக்கில் இழுங்கள், அப்புறம் முன்பின்னாக இழுங்கள். சின்னச் சுருக்கங்கள் இருந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தெளித்தால் தாள் முதலில் தளர்ந்து தொங்கும். காயக்காயக் கஞ்சிராத் தோல் மாதிரி விறைப்பாகிவிடும்.

அந்த விறைப்பில்தான் ஆபத்து. நான் முதல் இறக்கையில் கீழ்ப்பக்கம் மட்டும் தாள் ஒட்டி, தண்ணீர் தெளித்து, மேசையில் அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது இடது நுனி ஒரு விரல் அளவுக்குத் திருகியிருந்தது. வியாழக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். மரவேலை ஆசிரியர் இறக்கையை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார். “தண்ணி தெளிச்சிட்டு ஏன் எழுந்து போனே?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு பக்கத் தாள் இறுகும்போது எதிர்ப்பக்கத்தில் பிடித்திழுக்க ஒன்றும் இல்லையென்றால், அந்த மெல்லிய சட்டகம் இறுகும் பக்கமாக மடங்கும். அதனால் நான் இப்போது செய்வது இது. மேலும் கீழும் தாளை ஒட்டி முடித்தபிறகே தண்ணீர். ஒரு நேரத்தில் ஒரு பாதி இறக்கைக்கு மட்டும், இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தெளிப்பு. உடனே பலகையில் வைத்து, முன்விளிம்பையும் பின்விளிம்பையும் ஒரே கனமுள்ள சின்னத் துண்டுகளின்மேல் உட்கார வைத்துக் குண்டூசிகளால் பிடிப்பேன். துண்டுகள் வைக்காமல் பலகையில் படுக்கப் போட்டால் கீழ்ப்பக்கம் காயாது. மறுபடி அதே தொல்லை. நுனியில் பின்விளிம்புக்கு அடியில் மட்டும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக வைக்கிறேன். இரண்டு இறக்கைக்கும் அதே 2 மில்லிமீட்டர். நுனி கொஞ்சம் தாழ்ந்த கோணத்தில் காற்றைச் சந்தித்தால், வேகம் குறையும்போது விமானம் ஒரு பக்கமாகக் கவிழாது. ஓர் இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

ஏற்கெனவே முறுக்கிய இறக்கையையும் காப்பாற்றலாம். கெட்டிலின் ஆவியில் பத்து வினாடி காட்டி, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பி, ஆறும்வரை அசையாமல் பிடித்திருங்கள். கையுறை கட்டாயம். என் முதல் இறக்கையை நான்கு முறை இப்படிச் செய்து ஓரளவு நிமிர்த்தினேன். ஆனாலும் ஈரமான நாளில் அது பழைய முறுக்குக்குத் திரும்பப் பார்த்தது. அதனால்தான் இரண்டாவது கட்டினேன்.

தாளின்மேல் டோப், அதாவது தாளை இறுக்கி அடைக்கும் வார்னிஷ், இரண்டு பூச்சு, பாதிக்குப் பாதி தின்னர் கலந்து. சுருக்கும் வகை டோப் காய்ந்தபிறகும் பல நாள் இறுகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் இறக்கையைப் பலகையில் குத்தி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்காமல் டோப் டப்பாவைத் திறக்காதீர்கள்.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த சென்னை நண்பர் ஒருவருக்கு டோப் பூசிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது தின்னர் ஆவியாகி மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து வெள்ளையாகிறது. வறண்ட நாளில் மெல்லிசாகத் தின்னர் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை நீர்க்கப் பூசிப் பாருங்கள்.

ரப்பர்

பெட்டியில் வந்த ரப்பர் பிசுபிசுத்து உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். மாதிரி விமானத்துக்கென்றே விற்கும் 1/8 அங்குல ரப்பர் நாடா வாங்கி, முடிச்சுப் போட்டு, சிலிக்கான் எண்ணெய் தடவுங்கள். அந்தக் காலத்தில் மென்சோப்பையும் கிளிசரினையும் கலந்து தடவினார்கள்.

இந்த ரப்பர் முறுக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1871இல் அல்ஃபோன்ஸ் பெனோ பாரிஸின் துய்லரி தோட்டத்தில் தன் ரப்பர் விமானத்தை 11 வினாடி, சுமார் 40 மீட்டர் பறக்கவிட்டார். நுனிகளை மேல்நோக்கி மடித்து, பின்னால் இருந்த சிறிய வால் இறக்கையை வேறு கோணத்தில் வைத்து, யாரும் ஓட்டாமலே நேராகப் பறக்க வைத்தார். அகிலிஸின் இறக்கை நுனியை உயர்த்தக் கட்டை வைத்தபோது அவர் நினைவுதான் எனக்கு வந்தது.

பறக்கவிடுதல்

இறக்கையின் அகலத்தில் முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண். காற்றில்லாத மாலையில், உயரமான புல் இருக்கும் இடத்தில், ரப்பரை முறுக்காமல், மூக்கைச் சற்றே தாழ்த்தி மெதுவாகச் சறுக்க விடுங்கள். வீசி எறியாதீர்கள்.

மூக்கைத் தூக்கி, நின்று, பிறகு குப்புற விழுந்தால், வால் இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் மெல்லிய பால்சாச் சீவல் ஒன்றைச் சொருகுங்கள். நேராகத் தரையில் பாய்ந்தால் பின்விளிம்புக்கு அடியில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

சறுக்கல் சரியானபின் 80 சுற்று முறுக்கி விடுங்கள். முறுக்கின் வேகத்தில் மூக்கு ஏறினால், சுழலி மாட்டியிருக்கும் மூக்குக்கட்டையின் மேல் ஓரத்தில் சீவல் வைத்து அச்சைக் கீழே சாயுங்கள். இடப்பக்கம் அதிகமாகத் திரும்பினால் கட்டையின் இடது ஓரத்தில் ஒரு சீவல். அச்சு வலப்பக்கம் பார்க்கும். சுற்றுகளைக் கூட்டும்போது ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, ரப்பரை நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிச் சுற்று முறுக்கியபின் மெல்ல நடந்து வந்துகொண்டே மீதியை முறுக்குங்கள்.

ஜூன் மாதத்தில் இங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்படியொரு மாலையில் ஆசிரியர் விமானத்தைப் பிடித்தார், நான் முறுக்கினேன். அகிலிஸ் வலப்பக்கமாக வட்டமிட்டு ஏறி, சுழலி நின்றபின் சத்தமே இல்லாமல் இறங்கியது. கடிகாரத்தில் 31 வினாடி. அவர் புல்லுக்குள் போய் அதை எடுத்து வந்து, மறுபடி நுனியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரைக் கழற்றி, மண்ணைத் துடைத்து, வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள். வெயில் பட்ட ரப்பர் அடுத்த வாரம் முறுக்கும்போது அறுந்து, உள்ளிருந்தே தாளைக் கிழித்துவிடும்.