கிளினிக் வாசலில் பதாகை பிடிக்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் வீட்டுச் சமையலறை மேசையில் கருக்கலைப்பு உரிமைக்குப் போராட மூன்று பெண்பிள்ளைகள் அட்டையும் பெயின்ட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை காலையிலேயே கிளினிக் கேட்டில் நிற்கப் போறோம்" என்றாள் ஒருத்தி. 2011இல் நான் சொன்னதும் இதேதான். கிழமைகூட மாறவில்லை.

குடிதண்ணீர் கொண்டுபோக மறப்பது, துண்டுப் பிரசுரத்தில் எழுத்துப்பிழை விடுவது போன்றவற்றைச் சொல்லித்தர ஆள் வேண்டாம். டர்பன் வெயிலில் ஒருநாள் நின்றால் தானே புத்தி வரும். நான் எழுதுவது நல்ல மனதோடு செய்து, பிறகு வருஷக்கணக்கில் உறுத்தும் தவறுகளைப் பற்றி.

ஆகஸ்ட் 9 அன்று மனு கொடுப்பது

1956இல் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு நடந்த நாள் என்பதால் எல்லாருக்கும் அன்றுதான் ஆசை. பொது விடுமுறை. வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

கிளினிக் வாசலில் கூடுவது

எங்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் கருக்கலைப்புக்கு வரும் சின்னப் பெண்களை "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1996இல் இயற்றி, 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் கருக்கலைப்புத் தேர்வுச் சட்டத்தின்படி முதல் 12 வாரத்துக்குள் பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 18 வயது ஆகாதவளிடம் பெற்றோரோடு கலந்து பேசும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்றால் அதற்காக மறுக்கக் கூடாது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2004இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆக, எங்கள் கோபத்தில் குற்றமில்லை. அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடம்தான் தவறு.

1993ஆம் ஆண்டின் பொதுக்கூட்டச் சட்டப்படி 15 பேருக்கு மேல் கூடினால் ஏழு நாள் முன்னதாக நகராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் சரியாகப் பதினைந்து பேர் போனோம். என்ன சாமர்த்தியம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கிளினிக்கில் கருக்கலைப்பு செவ்வாயும் வியாழனும் மட்டும், நாளைக்குப் பத்துப் பேர். அதனால் செவ்வாயையே தேர்ந்தெடுத்தோம். காலை ஆறரைக்கு ஆள் உயர எழுத்தில் 'கருக்கலைப்பு எங்கள் உரிமை' என்று துணி கட்டினோம். படம் எடுக்க ஒருவரையும் வரச்சொல்லியிருந்தோம்.

டாக்சியில் வந்து இறங்கும் ஒரு பெண்ணின் கண்ணால் அந்த வாசலைப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. கேட்டில் கேமரா. கோயில் பஜனையில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்கள் வரிசையாக. மற்ற நாளில் யார் ரத்த அழுத்த மாத்திரைக்கு வருகிறார்கள், யார் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த மறைவு ஒன்றுதான் அவளுக்கு இருந்த பாதுகாப்பு. அதை உரித்துப்போட்டுவிட்டு, உரிமை உரிமை என்று கத்திக்கொண்டிருந்தோம்.

அன்று பத்துப் பேரில் நாலு பேர்தான் உள்ளே வந்தார்கள் என்று பிறகு அங்கே வேலை செய்யும் ஒரு நர்ஸ் சிஸ்டர் சொன்னார். திரும்பிப்போன ஆறு பேரில் ஒருத்தியைப் பற்றி இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. தெருமுனையில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். போலீஸைப் பார்த்தல்ல, மதக்காரர்களைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. அன்று அவளுக்குப் பதினொரு வாரம் முடிந்திருந்தது. வேலையில் மறுபடி விடுப்புக் கிடைப்பதற்குள் பன்னிரண்டு தாண்டிவிட்டது. 13 முதல் 20 வாரம் வரை சட்டம் வேறு. உடலுக்கோ மனதுக்கோ தீங்கு, கருவில் கடுமையான குறை, பலாத்காரம் அல்லது முறைகேடான உறவு, வாழ்க்கை நிலைமையைப் பெரிதாகப் பாதிக்கும் சமூக, பொருளாதாரக் காரணம் ஆகியவற்றில் ஒன்று இருப்பதாக டாக்டர் கருத வேண்டும். செய்வதும் டாக்டர்தான், சிஸ்டர் செய்ய முடியாது. அதற்கான ஆஸ்பத்திரியும் எல்லா ஊரிலும் கிடையாது. கடைசியில் காரியம் முடிந்தது, வேலை போனது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இப்போது சொன்னதிலேயே சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அதே 1996 சட்டத்தின் 10ஆம் பிரிவில், கருக்கலைப்பு நடக்கும் இடத்துக்குப் போகும் வழியைத் தடுப்பவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று இருக்கிறது. எதிர்ப்பாளர்களை மனதில் வைத்து எழுதிய வரி. "உங்க பதினைஞ்சு பேருக்கும் அது பொருந்துமாம்மா?" என்று எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வக்கீல் அம்மா சிரிக்காமல் கேட்டார்.

இன்னும் கேளுங்கள். பெண்களைத் திருப்பி அனுப்பியது பதிவு மேசை. அன்று அந்த மேசைக்காரர் படத்திலேயே இல்லை. துணிக்குப் பின்னால் முகம் தெரிய மாட்டிக்கொண்டவர்கள், அந்த வேலையைச் செய்ய முன்வந்த இரண்டு சிஸ்டர்கள். ஒருவர் தன் சபையில் பதில் சொல்லி மாளாமல் மாற்றல் கேட்டுப் போய்விட்டார். மீதி ஒருவர். பத்து இடம் ஐந்தாகச் சுருங்கியது. எங்கள் படத்தை மட்டும் பல வருஷம் எல்லாரும் பாராட்டினார்கள். யாராவது அதை எடுத்துக் காட்டினால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

நிற்க வேண்டுமானால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் முன்னால் நில்லுங்கள். முடிவெடுப்பவர்கள் அங்கேதான் வேலைக்கு வருகிறார்கள், நோயாளிகள் வருவதில்லை. பதினைந்துக்கு மேல் ஆள் சேர்ந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுக்காமல் கூட்டியதற்காகத் தண்டிக்கும் பிரிவை 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது உண்மைதான். எழுதிக் கொடுக்கும் கடமை போய்விடவில்லை.

வாரத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பது

"நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆச்சு, ஒரு வாரக் கர்ப்பம்" என்று நாங்களே பெண்களிடம் சொல்லியிருக்கிறோம். தப்பு. சட்டம் எண்ணுவது கடைசியாகத் தூரமான, அதாவது மாதவிலக்கான, முதல் நாளிலிருந்து. மாதம் தவறாமல் வருகிறவளுக்கு, நாள் தள்ளி ஒரு வாரம் என்றால் ஏற்கெனவே ஐந்து வாரம். உங்கள் துண்டுப் பிரசுரத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டுவது

கள்ளத்தனமாகக் கருக்கலைப்பவர்களின் செல்போன் நம்பர் ஒட்டியிருக்கும் அதே கம்பம். பார்ப்பவர்களுக்கு நீங்களும் அவர்களும் ஒன்று.

கடிதத்தைத் தப்பான மேசைக்கு அனுப்புவது

டர்பனில் சில கிளினிக்குகள் ஈத்தெக்வினி நகராட்சியுடையவை, சில குவாசூலு-நட்டால் மாகாண அரசுடையவை. கேட்டிலுள்ள பலகையைப் பாருங்கள், அதிலேயே இருக்கும். மாகாண கிளினிக்கைப் பற்றி நகராட்சிக்கு எழுதி ஐந்து மாதம் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. பிரிட்டோரியாவிலுள்ள தேசிய அரசுக்கு நேரே எழுதினால் இன்னும் மோசம், அது சுற்றிக்கொண்டு மாகாணத்துக்கே வரும்.

கடிதத்தில் 'தாய்மை', 'மானம்', 'எங்கள் குலப்பெண்கள்' எல்லாம் வேண்டாம். தேதி, மணி, எந்த ஜன்னல், என்ன சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். பெண்ணின் பெயர், தெரு, பள்ளிக்கூடம் எதுவும் கூடாது. பிறகு சட்டம். அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு இனப்பெருக்க நலச் சேவையைப் பெயர் சொல்லியே உறுதி செய்கிறது. 12ஆம் பிரிவு பிள்ளைப்பேறு பற்றிய முடிவை அவரவரிடம் விடுகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வந்து கேட்பவளுக்கு அவள் உரிமைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒரு சிஸ்டர் மனசாட்சிப்படி தன் கையால் செய்ய மாட்டேன் எனலாம், வாயைத் திறந்து வழி சொல்ல மாட்டேன் எனக் கூடாது. பதிவு மேசைக்காரரின் மனசாட்சிக்கு இதில் வேலையே இல்லை.

ஆவணம் வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.

பிள்ளைகளிடம் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்வது

2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி 12 வயதான பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் கருத்தடை பெறலாம். ஆணுறை கேட்டால் கடைக்காரர்கூட மறுக்கக் கூடாது. ஆனால் உறவுக்குச் சம்மத வயது 16. ஒத்த வயதுப் பிள்ளைகள் இருவரும் விரும்பிப் பழகுவதைக் குற்றமாக்கியதை 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தவறென்றது, 2015இல் சட்டமும் திருத்தப்பட்டது. எதிரே இருப்பவன் வளர்ந்த ஆள் என்றால் கதை வேறு. தெரிந்த யாரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், நீங்களும்தான். சத்தியம் செய்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை அடுத்து யாரிடமும் பேச மாட்டாள். முதலிலேயே எல்லையைச் சொல்லிவிடுங்கள்.

ஆயாக்களை (பாட்டிமாரை) எதிரி என்று ஒதுக்குவது

ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் பந்தியில் பிரசுரம் கொடுக்க நான் பயந்துகொண்டிருந்தேன். எண்பது தாண்டிய ஓர் ஆயா ஒன்றை வாங்கி, பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எங்க காலத்துல இது இருந்திருந்தா பக்கத்து வீட்டுக்காரி செத்திருக்க மாட்டா" என்றார். 1975ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எத்தனை கதவு மூடியிருந்தது என்பது எனக்குப் படித்துத் தெரியும், அவருக்குப் பார்த்துத் தெரியும். மீதிப் பிரசுரங்களை அவரே விநியோகித்தார். நான் கூழ் குடித்தேன்.

போன் செய்து பார்க்காமல் தொடங்குவது

அட்டைகளைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். பத்து நாளைக்குச் சுற்றுவட்டாரக் கிளினிக் ஒவ்வொன்றுக்கும் போன் செய்து, கருக்கலைப்பு எந்த நாளில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். யார் எடுத்தார்கள், என்ன பதில், எத்தனை நிமிஷம் காக்க வைத்தார்கள் என்று குறிக்க வேண்டும். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போராட்டம் என்று வந்த பிள்ளைகளுக்குக் குமாஸ்தா வேலை கொடுத்தால் அப்படித்தான் இருக்கும்.

நோட்டு போன வியாழக்கிழமை திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் மூன்று வரி. திங்கள் 8.10, எடுக்கவில்லை. திங்கள் 9.40, எடுக்கவில்லை. செவ்வாய் 8.05, "அதெல்லாம் இங்கே பண்றதில்லை", வைத்துவிட்டார். அந்தக் கிளினிக்கின் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், நாங்கள் 2011இல் துணி கட்டிய அதே வாசல் என்று நான் எழுதி வைத்தேன்.