மோசின்-நாகாந்துக்கு மலிவு ஸ்கோப்: காசு வீணாகும் இடங்கள்

அமெரிக்காவில் ராணுவ உபரித் துப்பாக்கி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மோசின்-நாகாந்த் 91/30. 1891-இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட ரைஃபிள், 1930-இல் திருத்தப்பட்டது. சோவியத் யூனியன் கலைந்த பிறகு, கிடங்குகளில் கிடந்தவை பெட்டி பெட்டியாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. 2010 வாக்கில்கூட 100 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. இன்று விலை பல மடங்கு ஏறிவிட்டாலும் ‘மலிவுத் துப்பாக்கிதானே’ என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. அந்த எண்ணத்தோடு ஸ்கோப்பையும் (குறியைப் பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி) அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட்டையும் தேடும்போதுதான் பணம் கரைகிறது.

சுட்டுப் பார்க்காமலே ஸ்கோப் வாங்குவதுதான் முதல் தவறு. இந்தத் துப்பாக்கிகள் போரைப் பார்த்தவை. குழலின் வாய்ப்பக்கமிருந்து இரும்புக் கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்து, முனை தேய்ந்துபோனவை நிறைய உண்டு. துப்பாக்கியை நன்றாகத் தாங்கி வைத்து, 100 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டுப் பாருங்கள். துளைகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறினால், அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. வேறு தோட்டா மாற்றிப் பார்ப்பது ஸ்கோப்பைவிட மலிவு.

சிதறாமல் ஒன்றாக விழுந்தும் குறிக்கு மேலே போகிறதா? 91/30-இல் இது சகஜம். குறிபார்க்க உதவும் பின் சைட்டை ஆகக் கீழே, 100 மீட்டர் கோட்டில் வைத்தாலும் மேலேதான் போகும். உடனே ‘சைட் சரியில்லை, ஸ்கோப் போட்டுவிடலாம்’ என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கணக்கு எளிது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 62 செ.மீ. 100 மீட்டரில் 15 செ.மீ. மேலே அடித்தால், முன் சைட்டின் முள் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக உயர வேண்டும், அவ்வளவுதான். மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையைச் சின்னதாக நறுக்கி முள்ளின் மேல் செருகுவது பழைய உத்தி. உயரம் அதிகமாக விட்டுச் செருகி, சுட்டுச் சுட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு வரலாம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பக்கவாட்டில் விலகினால், முன் சைட்டைத் தாங்கும் கட்டையை அதன் பள்ளத்திலேயே தட்டி நகர்த்தலாம். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். பலர் எதிர்ப்பக்கம் தட்டிவிட்டுக் குழம்புகிறார்கள். இன்னொன்று: சோவியத் படையில் இதற்குக் குறி சரிபார்த்ததே துப்பாக்கிக் கத்தியை மாட்டிய நிலையில்தான். கத்தி இல்லாமல் சுட்டால் விழும் இடம் மாறத்தான் செய்யும். அது துப்பாக்கியின் கோளாறு அல்ல.

சரி, கண் பார்வைக்காக ஸ்கோப் வேண்டியே ஆக வேண்டும் என்பவருக்கு இரண்டு வழி. பின் சைட்டின் தகடைக் கழற்றி, அந்த இடத்தில் முன்னோக்கி மாட்டும் ‘ஸ்கவுட்’ மவுண்ட் ஒன்று. துளை போட வேண்டாம், பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் இதில் சாதாரண வேட்டை ஸ்கோப்பை வாங்கி வைத்தால் கதை முடிந்தது. சாதாரண ஸ்கோப் கண்ணிலிருந்து மூன்று நான்கு அங்குலத்தில் இருக்க வேண்டும். ஸ்கவுட் மவுண்ட்டோ அதைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. கறுப்பு வளையத்துக்கு நடுவே ஒரு சின்ன வெளிச்சம்தான் தெரியும். கண்ணுக்குத் தள்ளி வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்த ஸ்கோப்போ, கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் ரெட் டாட்டோ வேண்டும். என்னைக் கேட்டால் ரெட் டாட். அதற்குக் கண்ணின் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது வழி, ரிசீவரில் (குழலின் பின்னால் போல்ட் ஓடும் உலோகக் கூடு) துளை போட்டு மாட்டுவது. நேராக ரிசீவர் தலைக்கு மேலே வைத்தால் இரண்டு சிக்கல். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் நேர்க் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும். தோட்டாக்களை வரிசையாகப் பிடிக்கும் கிளிப் வைத்து ஐந்து தோட்டாவையும் ஒரே தள்ளாகத் தள்ளவும் முடியாது. 3.5 மடங்கு பியூ ஸ்கோப்பைப் பக்கவாட்டு மவுண்ட்டில் உயர்த்தி வைத்த சோவியத் ஸ்னைப்பர் வகையில் வளைந்த கைப்பிடி இருந்ததற்குக் காரணம் முதல் சிக்கல்தான்; கிளிப் சிக்கல் அதிலும் தீரவில்லை. கைப்பிடியை வெட்டி வளைத்து வெல்டிங் செய்வதை வீட்டுக் கொட்டகையில் முயல வேண்டாம். சூடு போல்ட்டின் முன்பகுதிக்கு ஏறினால் எஃகின் பதம் கெடும், அது முகத்துக்கு அருகில் இருக்கும் உலோகம். துளை போட்ட துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர் தரும் விலையும் இறங்கிவிடும்.

எஸ்கேஎஸ் (இன்னொரு சோவியத் வடிவ ரைஃபிள்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரிசீவர் மூடியோடு சேர்ந்து வரும் மவுண்ட்டை வாங்காதீர்கள். அந்த மூடி கழற்றி மாட்டுவதற்கென்று செய்தது, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மூடி ஆடினால் குறியும் ஆடும்.

ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் வாங்கும்போது, அவை உட்காரும் மவுண்ட்டின் தண்டவாளம் வீவரா, பிக்காட்டினியா என்று பாருங்கள். வீவர் வளையம் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி வளையத்தின் குறுக்குக் கட்டை தடிமனானது, வீவரின் குறுகலான பள்ளத்தில் இறங்காது. அப்புறம், மோசின் சுடும் 7.62×54ஆர் தோட்டாவின் உதை லேசானதல்ல. திருகுகளிலும் அவை இறங்கும் துளைகளிலும் உள்ள எண்ணெயையும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பழைய காஸ்மோலின் பிசினையும் முழுக்கத் துடைத்துவிட்டு, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டால், இருபது தோட்டா சுட்ட பிறகு எது தளர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.